உலா போகிறவரை யார் பார்க்கிறார்கள்?

ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்களுக்கு உலா பாடினார். விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், பேரன் இரண்டாம் இராசராசன். மூன்றையும் சேர்த்து மூவருலா என்கிறோம். உலா என்ற சிற்றிலக்கியத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. தலைவன் யானைமேல் ஏறி வீதியில் வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்களும் வாசலில் நின்று அவனைப் பார்ப்பார்கள், மயங்குவார்கள். பாட்டு முழுக்க அந்தப் பார்வைதான். போகிறவனுக்கு ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஒளியவேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை, அவன்தான் ராஜா.

2023 மே மாதம் சோஹோ நிறுவனம் ஒரு புதிய இணைய உலாவியை வெளியிட்டது. அதற்கு 'உலா' என்றே பெயர். தனியுரிமைதான் அதன் முதல் வாக்குறுதி. விளம்பரங்களைத் தடுக்கும், பின்தொடரும் நிரல்களைத் தடுக்கும், உங்களைப் பற்றிய தகவலை விற்காது என்றார்கள். ஊரே கூடி நின்று பார்க்கும் ஊர்வலத்தின் பெயரை, யாரும் பார்க்காமல் போய்வரச் செய்த கருவிக்கு வைத்துவிட்டார்கள். சோஹோவில் யாராவது மூவருலா படித்திருந்தால் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் இந்த முரண் அந்த ஒரு நிறுவனத்தோடு முடிவதில்லை. தமிழில் இணையம் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து நாம் ஒவ்வொரு உலாவியிடமும் ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். முதலில் எழுத்தைக் கேட்டோம். பிறகு வேகத்தைக் கேட்டோம். இப்போதுதான் மெல்ல, என்னைக் கொஞ்சம் தனியாக விடு என்று கேட்கிறோம். முதல் இரண்டுக்கும் என்ன விலை கொடுத்தோம் என்று பார்த்தால்தான் மூன்றாவது கேள்விக்குப் பொருள் புரியும்.

எழுத்துக்காகக் காத்திருந்த காலம்

இன்றைக்கு இருபது வயதில் இருப்பவருக்கு, திரையில் தமிழ் தெரிவது ஒரு விஷயமே இல்லை. 1990களில் அது பெரிய விஷயம். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பொன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறியபோது அதில் தமிழைச் சாத்தியமாக்கியவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. இந்தப் பக்கம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியிருந்தார். மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைத் தொகுத்த முரசு நெடுமாறனின் மகன் அவர். இன்று ஆப்பிள் கருவிகளில் 'தமிழ் சங்கம் எம்என்' என்று ஓர் எழுத்துரு இருக்கிறதே, அந்த 'எம்என்' என்பது முத்து நெடுமாறன்தான். உலகம் முழுக்கத் தமிழர்கள் ஐபோனில் படித்த எழுத்து ஒரு மலேசியத் தமிழர் வரைந்தது. இதை நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

அப்போதைய சிக்கல், ஆளுக்கு ஒரு குறியேற்றம். ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு, அடுத்த தளத்துக்கு இன்னொன்று. எழுத்துருவைப் பதிவிறக்கிக் கணினியில் நிறுவாமல் பக்கத்தைத் திறந்தால் புள்ளியும் கொக்கியுமாய் ஐரோப்பிய எழுத்துகள் வந்து நிற்கும். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகளில் பேசித் தீராத பேச்சு இந்தக் குறியேற்றம்தான். யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றிருந்தாலும் இயங்குதளங்களும் உலாவிகளும் அதைக் காட்டக் கற்றுக்கொள்ளப் பத்தாண்டு ஆனது.

இடையில் ஒரு தந்திரம் வந்தது. பக்கத்தோடு சேர்த்து எழுத்துருவையும் சர்வரிலிருந்தே அனுப்பிவிடுவது. நெட்ஸ்கேப் 4 ஒரு வடிவத்தில் ஏற்றது, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 வேறொரு வடிவத்தில் ஏற்றது. தமிழ்த் தளம் நடத்தியவர்கள் இரண்டையும் செய்துவைக்க வேண்டியிருந்தது. அன்றைய தமிழ் வாசகர் ஓர் உலாவியைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணம் வேகமோ பாதுகாப்போ இல்லை. இதில் தமிழ் தெரிகிறதா, கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கிறதா. அவ்வளவுதான்.

அதே ஆண்டுகளில் இன்னொரு சிறிய பொருளும் சத்தமில்லாமல் உலாவிக்குள் குடியேறியிருந்தது. 1994இல் நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மொன்டுல்லி உருவாக்கிய குக்கி. இணையக் கடையில் வாங்கும் கூடை அடுத்த பக்கத்துக்குப் போனதும் காலியாகிவிடக்கூடாது என்பதற்காகச் செய்தது. உலாவியிடம் ஒரு சிறு குறிப்பைக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது திருப்பிக் காட்டச் சொல்வதுதான் அதன் வேலை. இப்படி ஒன்று தங்கள் கணினியில் இருப்பதே 1996இல் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் பொதுமக்களுக்குத் தெரிந்தது. குறிப்பு கொடுக்கும் கடை நாம் போன கடையாகவே இருக்கத் தேவையில்லை, அந்தக் கடைச் சுவரில் விளம்பரம் ஒட்டியவனும் கொடுக்கலாம் என்பது தெளிவானபோது, நம் நடமாட்டம் இன்னொருவருக்குப் பண்டமாகியிருந்தது.

நார்வே வழியாக வந்த தமிழ்

2006 ஜனவரியில் நார்வேயின் ஒபேரா நிறுவனம் ஒபேரா மினி என்ற உலாவியை உலகமெங்கும் வெளியிட்டது. சாதாரண நோக்கியா, சோனி எரிக்சன் பேசிகளில் ஓடிய சின்னச் செயலி. அதன் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், பக்கத்தைத் திறப்பது உங்கள் பேசி இல்லை, ஒபேராவின் சர்வர். அது பக்கத்தை வாங்கி, சுருக்கி, பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடக் குறைத்து அனுப்பும். பேசி அதை வெறுமனே காட்டும்.

தமிழ் வலைப்பூக்கள் செழித்திருந்த காலம் அது. ஆனால் பெரும்பாலான பேசிகளில் தமிழ் எழுத்துருவே கிடையாது, எல்லாம் கட்டம் கட்டமாய்த் தெரியும். அப்போது வாய்வழியாய்ப் பரவிய ஒரு வித்தை உண்டு. ஒபேரா மினியின் மறைவான அமைப்புப் பக்கத்துக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற தெரிவை 'ஆம்' என்று மாற்ற வேண்டும். உடனே தமிழ் வந்துவிடும். சர்வரில் இருக்கும் எழுத்துருவால் எழுத்துகளை வரைந்து, சின்னச் சின்னப் படங்களாய்ப் பேசிக்கு அனுப்பியது ஒபேரா. பேருந்திலும் தொழிற்சாலை இடைவேளையிலும் கதைகளும் கட்டுரைகளும் படித்த ஒரு தலைமுறைக்கு அதுதான் வாசகசாலை.

விலை என்ன? நாம் படித்த ஒவ்வொரு பக்கமும் நடுவில் ஒருவர் கையைத் தாண்டித்தான் வந்தது. வங்கிப் பக்கம் போன்ற மறையாக்கம் செய்த பக்கங்களைக்கூட ஒபேராவின் சர்வர் அவிழ்த்துப் பார்த்துத்தான் மறுபடி கட்டி அனுப்ப முடியும். இதை அந்த நிறுவனம் மறைக்கவில்லை. முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் வேறு உலாவியைப் பயன்படுத்துங்கள் என்றே சொல்லியிருந்தது. ஆனால் வேறு உலாவியில் தமிழ் தெரியாதே! ஆங்கில வாசகருக்கு ஒபேரா மினி வேகத்துக்கான ஒரு தெரிவு. தமிழ் வாசகருக்குப் படிப்பதா வேண்டாமா என்பதே அங்கே முடிவானது. தனியுரிமை பற்றிப் பேசும்போது, மக்கள் வசதிக்காக அதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தாய்மொழியில் படிப்பதை வசதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேகம் வந்தது

2008 செப்டம்பர் 2. கூகுள் குரோம் வெளியானது. அதை அறிமுகப்படுத்தியது ஓர் அறிக்கைகூட இல்லை, ஸ்காட் மெக்கிளவுட் வரைந்த படக்கதை. ஒவ்வொரு தாவலும் ஏன் தனித்தனி இயக்கமாக ஓட வேண்டும், ஒன்று செத்தால் மற்றது ஏன் சாகக்கூடாது என்பதையெல்லாம் பொறியாளர்கள் பொம்மைகளாக வந்து விளக்கினார்கள். லார்ஸ் பாக் தலைமையில் டென்மார்க்கில் உருவான வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் எந்திரம் அன்றிருந்த போட்டியாளர்களைத் தூக்கிச் சாப்பிட்டது. வேகம் பற்றிய பெருமை பொய்யில்லை. நினைவகத்தை அதிகம் தின்னும் என்ற புகாரும் அன்றே தொடங்கியது, அதுவும் பொய்யில்லை. தாவலுக்கு ஓர் இயக்கம் என்றால் தாவலுக்கு ஒரு பங்கு நினைவகம் போகத்தான் செய்யும்.

வெளியான ஒரே நாளில் வேறொரு சத்தம் கிளம்பியது. பயனர் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவை யாரோ நிதானமாகப் படித்திருக்கிறார்கள். இந்த உலாவி வழியாக நீங்கள் எழுதுவது, இடுவது, காட்டுவது எல்லாவற்றையும் பயன்படுத்தக் கூகுளுக்கு நிரந்தரமான, திரும்பப் பெறமுடியாத, உலகளாவிய உரிமம் தருகிறீர்கள் என்று அதில் இருந்தது. எழுதுகிறவன் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். உலாவியில் எழுதிய கவிதைக்கு உலாவிக்காரனுக்கு உரிமம்! வேறு சேவைகளின் உடன்படிக்கையிலிருந்து தவறுதலாக வந்துவிட்டது என்று கூகுள் சொல்லி உடனே நீக்கியது, முன்பே ஒப்புக்கொண்டவர்களுக்கும் அந்த நீக்கம் பொருந்தும் என்றது.

அடுத்த புகார் முகவரிப் பெட்டி மேல். முகவரியும் தேடலும் ஒரே பெட்டி ஆனதால், நீங்கள் என்டர் தட்டும் முன்பே, தட்டத் தட்ட, எழுத்துகள் கூகுளுக்குப் போயின. பரிந்துரை காட்ட வேண்டுமே. அந்தத் தரவில் சுமார் 2 விழுக்காட்டை ஐபி முகவரியோடு சேமிப்பதாகக் கூகுள் சொன்னது. எதிர்ப்பு வந்ததும் ஒரு வாரத்துக்குள், அதையும் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் அடையாளம் நீக்கிவிடுவோம் என்று அறிவித்தது.

இந்த இரண்டு சம்பவங்களிலும் எனக்கு முக்கியமாகப் படுவது, கேட்டதும் மாறியது என்பது. எந்தச் சட்டமும் நீதிமன்றமும் அன்று வரவில்லை, சிலர் படித்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள். ஆனால் கூச்சலுக்கு மாறுவது சின்ன விஷயங்கள்தான். விளம்பரத்தால் வாழும் நிறுவனம் உலாவி செய்கிறது என்ற அடிப்படை மாறாது. 2020 ஜனவரியில், இரண்டாண்டுகளில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஒழித்துவிடுவோம் என்றது கூகுள். தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. ஆப்பிளின் சஃபாரி அதை 2020 மார்ச்சிலேயே முழுதாகத் தடுத்துவிட்டது. குரோமின் மறைநிலைத் தாவலில் போனாலும் தகவல் சேகரிக்கப்படுகிறது என்று 2020இல் அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 2024இல் சமரசத்துக்கு வந்தது. கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் ஒப்புக்கொண்டது.

வேகத்தையும் தனியுரிமையையும் தராசின் இரண்டு தட்டுகளாகவே காட்டிப் பழக்கிவிட்டார்கள். பாதிதான் உண்மை. 2018இல் ஸ்பெக்டர் என்ற செயலிப் பிழை வெளிவந்த பிறகு, ஒவ்வொரு தளத்தையும் தனி இயக்கத்தில் அடைத்து வைக்கும் பாதுகாப்பைக் குரோம் கொண்டுவந்தது. நினைவகச் செலவு 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அங்கே பாதுகாப்புக்கு வேகத்தைக் கொடுத்தது சரிதான். ஆனால் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் பக்கம் தவழ்ந்து தவழ்ந்து வருகிறதே, அதற்குக் காரணம் பெரும்பாலும் செய்தி இல்லை. செய்தியோடு தொற்றிக்கொண்டு வரும் விளம்பர நிரல்களும் பின்தொடரும் நிரல்களும். அவற்றைத் தடுத்தால் பக்கம் வேகமாகிறது, முன்கட்டணப் பேசியில் டேட்டாவும் மிச்சமாகிறது. அந்த இடத்தில் தனியுரிமையும் வேகமும் ஒரே கட்சி.

அணில் சொன்ன ரகசியம்

ஆண்ட்ராய்டு பேசிகள் மலிவாகி எல்லார் கைக்கும் வந்தபோது யூசி பிரவுசர் வந்தது. சீனத்து யூசிவெப் நிறுவனத்தின் தயாரிப்பு, 2014இல் அலிபாபா வாங்கியது. சின்னம் ஓர் அணில். டேட்டாவைச் சுருக்கித் தரும், காணொளியை இறக்கித் தரும். ஒரு கட்டத்தில் இந்தியாவின் கைப்பேசிகளில் முதலிடம் இதற்குத்தான்.

2015 மே மாதம் டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வுக்கூடம் யூசி பிரவுசரைப் பிரித்துப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வாயாடி அணில் என்பதுபோல் தலைப்பு. பேசியின் ஐஎம்இஐ எண், சிம் அட்டையின் அடையாள எண், இருப்பிடத் தகவல் ஆகியவற்றைச் சீனப் பதிப்பு சரியான மறையாக்கமின்றி அனுப்பிக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பதிப்பில் தேடல் சொற்கள் திறந்த அஞ்சலட்டைபோல் போயின. இதில் இன்னும் மோசமான பகுதி ஒன்று உண்டு. ஸ்னோடன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்களின்படி, அமெரிக்கா, கனடா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் உளவுக் கூட்டணிக்கு இந்த ஓட்டை பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். அவர்கள் யாருக்கும் சொல்லவில்லை. ஓட்டை அவர்களுக்குப் பயன்பட்டது.

இந்தியா 2020 ஜூன் 29 அன்று தடைசெய்த 59 செயலிகளில் யூசி பிரவுசரும் ஒன்று. ஆனால் அந்தத் தடைக்குக் காரணம் எல்லையில் நடந்த மோதல். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்த ஆய்வறிக்கைக்கு நடக்காதது, அரசியலுக்கு ஒரே இரவில் நடந்தது.

ஜெஞ்சாரோமில் இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரி விஷயத்தைப் புரியவைக்க ரொம்பக் கஷ்டப்பட வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதியை நிறுத்தியதும், மேற்குலகம் மறுசுழற்சிக்கு என்று தொட்டியில் பிரித்துப் போட்ட குப்பை இங்கே வந்து சேர்ந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன, விற்க முடியாததை எரித்தார்கள். தொட்டியில் போட்டவருக்கு மனசு லேசாகிவிட்டது. போட்டது எந்த ஊரில், யார் மூக்கில் போய் முடிகிறது என்று அவருக்குத் தெரியாது. உலாவியிலிருந்து வெளியே போகும் தகவலும் இப்படித்தான். நாம் அனுப்பியதே நமக்குத் தெரியாது. எங்கோ ஒரு கிடங்கில் குவிகிறது, யாரோ பிரிக்கிறார்கள், யாரோ வாங்குகிறார்கள். ஜெஞ்சாரோம் மக்கள் புகார் கொடுத்து, படம் எடுத்து, வெளிநாட்டுப் பத்திரிகைவரை கொண்டுபோனதால்தான் ஆலைகளை மூடினார்கள். புகைக்கு மணம் உண்டு, கண்டுபிடிக்கலாம். தரவுக்கு அதுவும் இல்லை.

உலாவும் வேர்ச் சான்றிதழும்

இந்தப் பின்னணியில்தான் சோஹோவின் உலாவைப் பார்க்க வேண்டும். சொந்த உலாவி வேண்டும் என்ற ஆசை இந்தியாவில் புதிதில்லை. 2010இல் பெங்களூரின் ஹிடன் ரிஃப்ளெக்ஸ் நிறுவனம் 'எபிக்' உலாவியை இந்திய மொழிகளில் தட்டச்சு செய்யும் வசதியோடு கொண்டுவந்தது. 2013இல் அதே எபிக், மொழியை விட்டுத் தனியுரிமையை முதன்மைப்படுத்தும் உலாவியாக மறுபிறவி எடுத்தது. எழுத்திலிருந்து தனிமைக்கு என்ற நம் கதையை ஒரே நிறுவனம் மூன்று ஆண்டில் நடத்திக் காட்டிவிட்டது.

உலாவின் பலம், அதைச் செய்தவர்கள் விளம்பரத்தால் பிழைப்பவர்கள் இல்லை என்பது. சோஹோவின் வருமானம் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்பதில். நம்மை வேவு பார்க்கும் பொருளாதாரக் காரணம் அவர்களுக்குக் குறைவு, இது சாதாரண விஷயமில்லை. வேலைக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கு, பிள்ளைகளுக்கு என்று தனித்தனிப் பயன்முறைகள் வைத்திருப்பதும் நல்ல யோசனை.

ஆனால் கேட்கவேண்டியதையும் கேட்க வேண்டும். உலாவின் அடித்தளம் குரோமியம். குரோமின் திறமூலப் பகுதி. எனவே வேகத்தில் குரோமுக்கும் உலாவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்க முடியாது, எந்திரம் ஒன்றுதான். அடித்தளத்தில் கூகுள் எடுக்கும் முடிவுகள் மேலே கட்டியவர்களையும் பாதிக்கும். விளம்பரத் தடுப்பு நீட்டிப்புகளின் கையைக் கட்டும் புதிய விதிமுறை 2024இல் நடைமுறைக்கு வந்தபோது குரோமியம் குடும்பம் முழுக்கத் தலைவலி பட்டது. இன்னொன்று, குரோமுக்குச் சில வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. பாதுகாப்பு ஓட்டைகளை அதில் அடைப்பார்கள். அடைத்த செய்தி வெளியானதும் ஓட்டை எங்கே இருந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். கிளை உலாவிகள் அதே வேகத்தில் தங்கள் பதிப்பைப் புதுப்பிக்காவிட்டால், தனியுரிமை உலாவியே திறந்த கதவாகிவிடும். எந்தப் புதிய உலாவியைப் பார்த்தாலும் முதலில் பதிப்பு எண்ணையும் தேதியையும் பார்ப்பது பொறியாளர் பழக்கம். விளம்பர வாசகம் பிறகு.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் ஆழமானது. 2023 ஆகஸ்டில் இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சு உள்நாட்டு உலாவிக்கான போட்டியை அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. சோஹோ அணிக்கு முதல் பரிசு, 1 கோடி ரூபாய். போட்டியின் நிபந்தனைகளில் ஒன்று, இந்திய அரசின் சான்றளிப்பு ஆணையத்தின் வேர்ச் சான்றிதழ் உலாவியின் நம்பிக்கைப் பெட்டகத்தில் இருக்க வேண்டும் என்பது.

வேர்ச் சான்றிதழ் என்றால் என்ன? நீங்கள் வங்கித் தளத்துக்குப் போகிறீர்கள், பூட்டு அடையாளம் தெரிகிறது. இது உண்மையில் உங்கள் வங்கிதான் என்று யாரோ ஒருவர் முத்திரை குத்தியிருக்கிறார். அந்த முத்திரையை நம்பலாம் என்று உலாவிக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பட்டியல்தான் பெட்டகம். அதில் இடம்பெற்ற ஒருவர் தவறு செய்தால், பொய்த் தளத்துக்கும் உண்மையான பூட்டு தெரியும். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்தை ஊடுருவிப் பெற்ற பொய்ச் சான்றிதழை வைத்து ஈரானில் இருந்தவர்களின் ஜிமெயிலை வேவு பார்த்தார்கள். 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவல் மையத்தின் வழியாகக் கூகுள், யாஹூ பெயர்களில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. அதன்பின் இந்திய வேரின் முத்திரை சில இந்தியத் தளங்களுக்கு மட்டுமே செல்லும் என்று குரோம் கட்டுப்படுத்தியது. 2019இல் கஸக்ஸ்தான் அரசு தன் வேர்ச் சான்றிதழை நிறுவச் சொல்லி மக்களை வற்புறுத்தியபோது கூகுள், மொஸில்லா, ஆப்பிள் மூன்றும் சேர்ந்து அதைத் தடுத்தன.

ஒரு நாடு தன் சான்றிதழை வெளிநாட்டு நிறுவனங்கள் ஏன் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். இறையாண்மை வெறும் சொல் இல்லை. ஆனால் விளம்பர நிறுவனத்திடமிருந்து தப்பித்து அரசின் முத்திரைக்குள் வந்து நிற்பது தனியுரிமையா என்று கேட்பதும் நியாயம்தான். தமிழ்ப் பெயர் வைத்ததற்காக இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. நம்மவன் செய்தது என்ற பெருமை, கேள்வி கேட்க இன்னும் ஒரு காரணம்.

நம்ம வீட்டு வாசல்

மலேசியாவில் இந்தக் கேள்வி எட்டத்தில் இல்லை. 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் தளத்தை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் முடக்கியது. 2016 ஜனவரியில் அதன் கட்டுரையை வைத்திருந்ததற்காக மீடியம் தளமே முடங்கியது. முடக்கம் எப்படி நடந்தது? தளத்தின் பெயரைச் சொன்னால் முகவரி எண்ணைச் சொல்லும் டிஎன்எஸ் என்ற சேவை உண்டு. இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் தவறான விடை சொல்லும், அவ்வளவுதான். எனவே பலர் அமைப்பில் 8.8.8.8 என்று மாற்றிக் கூகுளிடம் வழி கேட்டுப் படித்தார்கள்.

2024 செப்டம்பரில், அப்படி வெளியே போகும் டிஎன்எஸ் கேள்விகளையும் உள்நாட்டு நிறுவனங்களுக்கே திருப்பிவிட வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது தெரியவந்தது. இணையச் சூதாட்டம், ஆபாசம், மோசடி இவற்றிலிருந்து காக்க என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது. செப்டம்பர் 8 அன்று, இதைச் செயல்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தொடர்புத் துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அறிவித்தார். 2008இல் குரோமுக்கு நடந்ததுபோலத்தான், சிலர் படித்தார்கள், சத்தம் போட்டார்கள், பின்வாங்கினார்கள். அன்று பலர் தங்கள் உலாவியின் அமைப்பில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்ற தெரிவை முதல்முறையாகத் தேடிப் பார்த்தார்கள். வழி கேட்பதையே உறையில் இட்டு அனுப்பும் வசதி அது. உலாவி வெறும் கண்ணாடிச் சன்னல் இல்லை, அதற்குள் யாரை நம்புவது என்ற தீர்மானங்கள் இருக்கின்றன என்பது அந்த வாரத்தில் பலருக்கும் உறைத்திருக்கும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2010இல் இயற்றி 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அது பொருந்தாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2017இல் 4 கோடியே 60 லட்சத்துக்கு மேற்பட்ட கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த நாடு இது.

தமிழ் என்னும் அங்க அடையாளம்

கடைசியாக ஒன்று. இது தமிழ் வாசகருக்கு மட்டுமே உரிய சிக்கல், அதனால்தான் இந்தக் கட்டுரையே.

குக்கியைத் தடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். உலாவியின் வகை, திரையின் அளவு, நேர மண்டலம், மொழித் தெரிவு, நிறுவியிருக்கும் எழுத்துருக்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்தால், அதுவே ஒரு கைரேகை. 2010இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் நடத்திய சோதனையில் வந்த உலாவிகளில் 83.6 விழுக்காடு, தன்னைப்போல் இன்னொன்று இல்லாதவை. இப்போது யோசியுங்கள். கோலாலம்பூர் நேரம், முதல் மொழி தமிழ், கணினியில் பழைய தஸ்கி எழுத்துரு நான்கு, முரசு அஞ்சல். இப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? ஆங்கிலத்தில் வைத்திருப்பவன் கூட்டத்தில் கரைந்துபோகிறான். தமிழில் வைத்திருப்பவன் தனியாகத் தெரிகிறான். மொழிமேல் உள்ள பற்றே பள்ளிச் சான்றிதழில் எழுதுவார்களே, இடது கன்னத்தில் மச்சம் என்று, அந்த மாதிரி அங்க அடையாளமாகிறது.

எழுத்துருவின் கதை இங்கேயும் முடியவில்லை. அன்று நெட்ஸ்கேப்புக்கும் எக்ஸ்புளோரருக்கும் தனித்தனியாகச் செய்த எழுத்துருவை இன்று கூகுள் இலவசமாகத் தருகிறது. ஒரு வரி சேர்த்தால் போதும், தளம் அழகாகிவிடும். தமிழ் இலக்கியத் தளங்களும் அந்த வரியைச் சேர்க்கலாம். ஆனால் அதைச் சேர்த்த தளத்துக்கு வரும் ஒவ்வொரு வாசகரின் ஐபி முகவரியும் கூகுளின் சர்வரைத் தொட்டுவிட்டுத்தான் வரும். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், அனுமதியில்லாமல் இப்படிச் செய்தது தவறு என்று ஒரு தளத்துக்கு 100 யூரோ இழப்பீடு விதித்தது. எழுத்துருவைத் தன் சர்வரிலேயே வைத்துக்கொண்டிருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அரைமணி நேர வேலை.

அச்சுப் புத்தகத்தை வாங்கிப் போனவர் எந்தப் பக்கத்தில் நின்றார், எதை இரண்டுமுறை படித்தார், எந்த இடத்தில் மூடி வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. சாதியைப் பற்றி, காமத்தைப் பற்றி, கடவுள் மறுப்பைப் பற்றி, தன் தோட்டத்துத் தாத்தாவின் வரலாற்றைப் பற்றி முதல்முறை படிக்கிற ஒரு பத்தொன்பது வயது வாசகருக்கு அந்த மறைவு வேண்டும். யோசித்து மனம் மாறுவதற்கு ஆள் இல்லாத ஓர் அறை வேண்டும். அந்த அறைக்கு நாம் கேட்கும் உலாவி உலாவாக இருக்கலாம், ஃபயர்ஃபாக்ஸாக இருக்கலாம், நாளை வரப்போகும் வேறொன்றாக இருக்கலாம். இவரின் வருமானம் எங்கிருந்து வருகிறது, பதிப்பைக் காலத்தில் புதுப்பிக்கிறாரா, யாருடைய முத்திரையை நம்புகிறார், மூலநிரலை வெளியாட்கள் பார்க்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எழுத்துருவை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்வதற்காக வாசகரையே வெளியாருக்கு ஒப்படைக்காதீர்கள். முப்பது வருடம் போராடித் திரையில் கொண்டுவந்த எழுத்தை, படிக்கிறவனைக் காட்டிக்கொடுக்காமல் காட்டுவதுதான் மிச்சம் இருக்கும் வேலை.